பழைய ஜிப்சியும் ஜீப்பும்: கரடுமுரடான பாதைக்கு வண்டியைத் தயார் செய்ய வடசென்னைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

பழைய ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டி வாங்கியவுடன் பலர் செலவு செய்யத் தொடங்குவது கண்ணில் படும் பொருள்களில்தான். முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு, கூரைமேல் விளக்கு வரிசை, பக்கவாட்டில் ஜெர்ரி கேன். வண்டி படுத்துக்கொள்வதோ கண்ணில் படாத காரணங்களால்: வெடித்துப்போன ரப்பர் குழாய், துருவேறிய சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), தண்ணீர் கலந்த கியர் ஆயில். ஆகவே கீழே வேலைகளைச் சொல்லியிருக்கும் வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பட்டும். மாற்றங்கள் அதன் பிறகு. நடுவில் பணம் தீர்ந்து வேலை நின்றுபோனாலும், நம்பி ஓட்டக்கூடிய ஒரு வண்டி உங்கள் கையில் இருக்கும்.

வடசென்னையில் இருப்பவருக்கு இந்த வேலையில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. வசதி, லாரி. துறைமுகம், எண்ணூர், மணலி, மாதவரம் என்று லாரி ஓடும் சாலை நெடுக லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில்) பட்டறை, லேத், ரேடியேட்டர் கடை, பஞ்சர் கடை எல்லாம் இருக்கின்றன. நகரத்தின் தென்பகுதியில் இருப்பவர்கள் தேடி அலையும் வேலைகள் இங்கே தெருமுனையில் நடக்கும். தொல்லை, உப்பு. அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

எந்த வண்டி

புதியவருக்கு என் முதல் பரிந்துரை மாருதி ஜிப்சி. 1985இல் 970 சிசி பெட்ரோல் எஞ்சினுடன் வந்தது, 1996இல் ஜிப்சி கிங் என்ற பெயரில் 1.3 லிட்டர் எஞ்சின் பெற்றது. எடை ஏறத்தாழ ஒரு டன்தான். சேற்றிலும் மணலிலும் அந்த எடைக் குறைவுதான் அதன் பெரிய பலம். புதைந்தாலும் நான்கு பேர் சேர்ந்தால் தள்ளிவிடலாம். பின்னிருக்கை முதுகை ஒரு வழி செய்துவிடும், பெட்ரோல் நன்றாகவே குடிக்கும். இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மஹிந்திரா எம்.எம். 540, மேஜர் போன்ற பழைய டீசல் ஜீப்புகளில் மின்னணுப் பொருள் எதுவும் இல்லை. எந்த லாரி மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். ஆனால் பிரேக் பலவீனம், ஸ்டியரிங் கனம், ஆயில் ஒழுகல் மூன்றும் கூடவே வரும். 2010இல் வந்த மஹிந்திராவின் முதல் ‘தார்’ (Thar) வண்டியில் வசதி அதிகம். அதன் சி.ஆர்.டி.இ. எஞ்சின் வகையின் முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங் அல்ல, டார்ஷன் பார் (முறுக்கிக்கொடுக்கும் கம்பி) கொண்ட தனித்தனி சஸ்பென்ஷன். ஆகவே கீழே உயரம் கூட்டுவது பற்றிச் சொல்வது அதன் முன்பக்கத்துக்குப் பொருந்தாது.

வாங்கும்போது விலையைப் பேசுவதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே துடைத்துப் பார்த்து ஆர்.சி.யுடன் ஒப்பிடுங்கள், எஞ்சின் எண்ணையும் அப்படியே. ஜிப்சிக்குள் வேறு வண்டியின் டீசல் எஞ்சினை இறக்கி, ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே வைத்திருப்பவர்கள் உண்டு. ராணுவம் ஏலம் விட்ட ஜிப்சி மலிவாக வரும்; உங்கள் கைக்கு வருமுன்பே பதிவு முடிந்திருந்தால் மட்டும் தொடுங்கள். டெல்லியில் பழைய வண்டிகளுக்கான கட்டுப்பாட்டால் மலிவாகக் கிடைக்கும் டீசல் வண்டிகளுக்கும் இதே எச்சரிக்கை: தடையில்லாச் சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதல் வேலை: துரு

திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் வண்டி நிறுத்துபவர்களுக்குக் கடற்காற்று போதும்; வேறு பகை வேண்டாம். இரவில் படியும் ஈரத்தில் உப்பு கரைந்து, தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று மடியும் இடங்களில் இறங்கித் தங்கிவிடும். வெளியே பளபளக்கும் வண்டி உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை: பின் ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகளுக்கு மேலே உள்ள சேஸிஸ், பாடியும் சேஸிஸும் சேரும் ரப்பர் மவுண்டுகள், கால்மிதிக்கு அடியில் தரைத்தகடு, முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு. ஒரு சிறிய சுத்தியலால் சேஸிஸை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஓசை மொக்கையாக விழும். அங்கே ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். சேஸிஸ் பெட்டிபோல உட்குழிவானது என்பதால் துரு உள்ளிருந்தும் வரும். விற்பவர் அண்மையில்தான் அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்ததாகப் பெருமையாகச் சொன்னால், சுத்தியலை இன்னும் கொஞ்சம் பலமாகப் பிடியுங்கள்.

சேஸிஸில் ஓட்டை விழுந்திருந்தால் மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் அடிப்பது தீர்வு அல்ல. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டைப் பொருத்த வேண்டும். மேல்துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, துருவை மாற்றும் ரசாயனம் தடவி, பிரைமர் அடித்து, பிறகு பெயின்ட். உட்குழிவுக்குள் மெழுகு கலந்த துரு தடுப்பானைக் குழாய் விட்டுத் தெளிக்கலாம். துருவின் மேலேயே தார் போன்ற அண்டர்கோட்டிங்கைப் பூசுபவர்களிடம் வண்டியை விடாதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டு, அரிப்பு இருமடங்காகும். பழைய எஞ்சின் ஆயிலை டீசலில் கலந்து அடியில் அடிக்கும் லாரி வழக்கமும் வேண்டாம். அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். தரைத்தகட்டில் நிறுவனம் விட்டிருக்கும் வடிகால் துளைகளை அடைக்காதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: கழுவும் தண்ணீர். மீஞ்சூர் தொடங்கி எண்ணூர் வரை பல இடங்களில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிவிட்டது. வாட்டர் சர்வீஸ் நிலையம் அந்த போர்வெல் நீரைத்தான் அழுத்தமாக அடிக்கிறது என்றால், உப்பைக் கழுவுவதாக நினைத்து உப்பையே ஊசிபோல உள்ளே ஏற்றுகிறீர்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாரம் ஒரு முறை மெட்ரோ வாட்டர் இரண்டு குடம், அடியில் மட்டும், அது போதும்.

இரண்டாம் வேலை: இருந்தபடி ஆக்குவது

பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். எல்லா ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள், பிரேக் ஆயிலையும் முழுவதுமாக மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. பழைய ஆயில் மலை இறக்கத்தில் சூடேறும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, பெடல் தரையைத் தொட்டுவிடும்.

ஸ்டியரிங் அடுத்து. ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் சக்கரம் கையிலேயே நடனமாடுகிறதா? கிங் பின் பேரிங், டை ராட் முனைகள், வீல் பேரிங், ஸ்பிரிங் புஷ் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். ஸ்டியரிங் டாம்பர் மாற்றினால் சரியாகும் என்று சொல்வார்கள். ஆட்டத்தை அது கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்து அடைப்பெடுங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அது இருந்தால்தான் எஞ்சின் தனக்குரிய சூட்டில் ஓடும். மறுபடி மாட்டச் சொல்லுங்கள். 1.3 லிட்டர் ஜிப்சியில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், இப்போதே மாற்றுங்கள்.

கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பிரிப்பது), முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல் (அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிப்பவை) ஆகிய நான்கிலும் ஆயிலை இறக்குங்கள். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பழைய வண்டிகளில் இன்னொரு சோதனையும் தேவை. பழைய உதிரிகள் விற்கும் புதுப்பேட்டையில் கிடைத்த டிஃபரென்ஷியலை முன்னாலோ பின்னாலோ யாராவது மாட்டியிருக்கலாம். முன்னும் பின்னும் கிரவுன், பினியன் பல்விகிதம் ஒன்றாக இல்லாவிட்டால், டூ வீல் டிரைவில் எதுவும் தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸை உடைக்கும். பற்களை எண்ணச் சொல்வதற்குத் தயங்காதீர்கள்.

புதுப்பேட்டையிலும் காயலான் கடைகளிலும் இரும்பு உதிரிகள் வாங்கலாம்: டிரான்ஸ்ஃபர் கேஸ் கூடு, கதவு, பம்பர், ஹப். பேரிங், ஆயில் சீல், பிரேக் பாகங்கள், ரப்பர் எதுவானாலும் புதிதுதான்.

மூன்றாம் வேலை: டயர்

மாற்றங்களில் பணத்துக்கு மிக அதிகப் பலன் தருவது டயர். ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை என்றால் சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகையே போதும். பெரிய பற்களுள்ள மட் டயர் எண்ணூர் நெடுஞ்சாலையில் இரைச்சல் போடும், மழையில் வழுக்கும், சீக்கிரம் தேயும். படத்தில் அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

அளவைக் கூட்டுமுன் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிப்சி கிங்கின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703 மி.மீ. ஆகும்; 235/75 ஆர்15 என்றால் 733 மி.மீ. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் தரையிலிருந்து உயரமாகக் கிடைக்கும்: முதலாவதில் சுமார் 18 மி.மீ., இரண்டாவதில் சுமார் 33 மி.மீ. இரண்டாவதில் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66இல் போகும். பிரேக் பிடிக்க அதிக தூரம் வேண்டும், இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் ஸ்பிரிங்கில் உரசும். புதியவர் 215இல் நிற்பது நல்லது. ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்க வேண்டும்.

டயரோடு சேர்த்து ஒரு நல்ல காற்றுமானியும், பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸரும் வாங்குங்கள். சாலையில் 28 பி.எஸ்.ஐ. வைத்தால், மணலில் 16 முதல் 18 வரை இறக்கலாம். டயர் நீளவாக்கில் பரந்து உட்கார்ந்து மணலில் மிதக்கும். ஆயிரங்கள் செலவழித்துச் செய்யும் பல மாற்றங்கள் தராத பிடிப்பை, செலவே இல்லாத இந்த வேலை தரும். 12க்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு. தார்ச்சாலைக்கு ஏறுமுன் மறுபடி காற்றை நிரப்பாமல் வேகமெடுக்காதீர்கள்.

நான்காம் வேலை: உயரம், அளவாக

பத்து, இருபது ஆண்டுகள் ஓடிய லீஃப் ஸ்பிரிங் தட்டையாகிப் போயிருக்கும். அதைப் பட்டறையில் கழற்றி, உடைந்த இலைகளை மாற்றி, வளைவைத் திரும்பக் கொண்டுவந்தாலே இழந்த உயரம் வந்துவிடும். பலருக்கு அதற்குமேல் தேவையில்லை. லாரி ஸ்பிரிங் மேஸ்திரியிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: சுமை ஏற்றும் வண்டி அல்ல இது. இல்லாவிட்டால் அவர் பழக்கத்தில் கனமான இலை ஒன்றைக் கூடுதலாகச் செருகிவிடுவார். ஸ்பிரிங் விறைத்துப்போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைத் தேடாது, காற்றில் தொங்கும். தொங்கும் சக்கரத்தால் ஒரு பயனும் இல்லை. சாதாரண டிஃபரென்ஷியல் சக்தியை அந்தச் சக்கரத்துக்குத்தான் அனுப்பிச் சுழல விடும்.

ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாகப் போடுவது மலிவான வழி. 50 மி.மீ. நீளமான ஷேக்கிள் ஏறத்தாழ 25 மி.மீ. உயரம் தரும். முன் அச்சின் சாய்வுக் கோணம் மாறி, நெடுஞ்சாலையில் வண்டி நேர்கோட்டில் போகாமல் அலையும் என்பது அதன் விலை. முன் அச்சில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதை எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜிப்சியில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருக்கிறது. அதை அச்சுக்கு மேலே மாற்றும் வேலை 12 செ.மீ. அளவுக்கு உயர்த்தும். புரொபெல்லர் ஷாஃப்ட் கோணம், ஸ்டியரிங் இணைப்பு, பிரேக் ஹோஸ் நீளம் எல்லாவற்றையும் அது கலைத்துப்போடும். புதியவருக்கு உரியதல்ல.

ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யு போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் புதிதாகவே போடுங்கள். இழுபட்டவை மறுபடி சரியாகப் பிடிக்காது. சில நாள் ஓட்டியபின் அவற்றை மீண்டும் முறுக்கிச் சரிபாருங்கள்.

ஐந்தாம் வேலை: பிரீத்தர் குழாய்

சில நூறு ரூபாய் வேலை. மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ மணலி புதுநகரிலோ தண்ணீரைக் கடப்பவர் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் அதனுள் இருக்கும் காற்று சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, ஆயில் சீல் வழியாகவோ சிறு மூச்சுத்துளை வழியாகவோ தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். மூச்சுத்துளைகளில் ரப்பர் குழாய் மாட்டி, இரண்டு டிஃபரென்ஷியல், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்கையும் எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய், முனையில் ஒரு சிறு ஃபில்டர் வைத்துவிட்டால் முடிந்தது.

எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாயான ஸ்நார்க்கெல் இதற்கு அடுத்ததுதான். அது எஞ்சின் குடிக்கும் காற்றை மட்டுமே காப்பாற்றும். கார்புரேட்டர் ஜிப்சியின் டிஸ்ட்ரிபியூட்டரில் நீர் தெளித்தால், ஸ்நார்க்கெல் வானம் வரை நீண்டிருந்தாலும் வண்டி நிற்கும். சக்கரத்தின் நடுமையத்தைத் தண்ணீர் தாண்டுகிறதென்றால் புதியவர் திரும்பிவிட வேண்டும். நடுவில் எஞ்சின் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்; சிலிண்டருக்குள் போன நீர் அழுந்தாது, கனெக்டிங் ராட்தான் வளையும். தள்ளி வெளியே எடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. அப்படிப்பட்ட நீரில் நின்ற வண்டியின் ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாம் ஊதிப்போயிருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

ஆறாம் வேலை: மீட்புச் சாமான்

மோட்டாரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் வாங்க அவசரப்பட வேண்டாம். முழுச் சுமையோடு கூடிய வண்டியின் எடையைப்போல ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும்; முழு இழுப்பில் அது சில நூறு ஆம்பியர் குடிக்கும்; பழைய ஆல்டர்னேட்டர் தாங்காது. முதலில் ஒரு மண்வெட்டி, இரண்டு மணல் பலகை, கையால் நெம்பி இழுக்கும் ஒரு ‘புல் லிஃப்ட்’ (pull lift), நல்ல ஜாக், ஜாக்குக்கு அடியில் வைக்கக் கனமான பலகைத் துண்டு. இவை போதும்.

கயிற்றில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது. இழுக்கும் கொக்கி சேஸிஸில் உறுதியான போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும், பம்பரில் அல்ல. துறைமுகப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் கன்டெய்னர் கட்டும் பெல்ட் நீளாதது. அதைப் போட்டு வெடுக்கென்று இழுத்தால் ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு பறக்கும். காசிமேட்டுப் பழைய படகுக் கயிறு நைலானாக இருந்தால் நீளும், ஆனால் வெயிலிலும் உப்பிலும் எவ்வளவு இற்றுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. வெடுக்கென்று இழுக்க அதற்கென்றே செய்த, நீண்டு சுருங்கும் கைனடிக் கயிறு தேவை. மெதுவாக இழுக்க மட்டும் பெல்ட். கயிற்றை மாட்டும் இரும்பு வளைய ஷேக்கிள் (ஸ்பிரிங் ஷேக்கிள் அல்ல) வாங்க லிங்கிச் செட்டித் தெருவுக்குப் போனால், பாதுகாப்பான சுமையளவு உடலிலேயே பொறிக்கப்பட்டதாகக் கேளுங்கள். ஜிப்சிக்கு 3.25 டன் ஷேக்கிள் தாராளம். பொறிப்பு இல்லாத பளபளப்பான ஷேக்கிள் பந்தல் கட்டத்தான் உதவும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனமான சாக்கைப் போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்துக்கு விரட்டுங்கள். நம் ஊரில் கூட்டம் கூடாமல் இருக்காது.

மின்சாரமும் சுமையும்

எந்தக் கூடுதல் விளக்குக்கும் ரிலேயும் ஃப்யூஸும் கட்டாயம். பழைய வயரிங்கில் நேராக முடிச்சுப் போட்டவர்களின் வண்டிகள்தான் புகைகின்றன. சுமையைத் தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வையுங்கள். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. அதைக் கூரையில் ஏற்றினால் சரிவில் வண்டி கவிழத் துணைபோகும்.

சட்டம்

ஆர்.சி.யில் பதிவான நிறுவன விவரங்களிலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். முன்பக்க இரும்புத் தடுப்புக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களிடம் சொல்லிவிட்டது. அந்தத் தடுப்பு ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் வேலையைக் கெடுக்கும். மோதப்படும் ஆளையும் அதிகம் காயப்படுத்தும். ஆகவே கழற்றி மாட்டக்கூடிய மாற்றங்களையே தேர்ந்தெடுங்கள். பெரிய வேலை எதுவானாலும் வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பழைய டயர், ஸ்பிரிங் ஷேக்கிள், பம்பர் எதையும் விற்காமல் வைத்திருங்கள், எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளன்று தேவைப்படும்.

முதல் ஓட்டம்

பழவேற்காடு, எண்ணூர்க் கடற்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்கே வண்டியை இறக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணல் அது. மீதி நாள்களிலும் வலை உலரும் இடம், படகு ஏற்றும் இடம். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சதுப்பு இன்னொரு பொறி. மேலே காய்ந்து வெடித்த தரைபோலத் தெரியும், அடியில் கூழ். அங்கே புதைந்த வண்டியை எடுக்க இன்னொரு வண்டி உள்ளே வர முடியாது. காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம்; ஆந்திராவின் நாகலாபுரம் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம் அறுவடை முடிந்த நிலம், தோப்புக்குப் போகும் மண்பாதை கிடைக்கும். உரிமையாளரிடம் கேட்டு, வரப்பைச் சிதைக்காமல் ஓட்டிப் பழகுங்கள். துணைக்கு இன்னொரு வண்டி கட்டாயம். ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச்சாலையில் போடாதீர்கள். இந்த வண்டிகளில் நடு டிஃபரென்ஷியல் இல்லாததால் திருப்பங்களில் அச்சுகள் முறுக்கேறும். மண்ணில் இறங்குமுன்பே போட்டுக்கொள்ளுங்கள், சிக்கியபின் அல்ல. முன்சக்கர நடுவில் கையால் பூட்டும் ஹப் உள்ள வண்டியென்றால் இறங்கி இரண்டு பக்கமும் பூட்டியாயிற்றா என்று பாருங்கள். சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். மேலும் மிதித்தால் குழிதான் ஆழமாகும். வந்த தடத்திலேயே பின்வாங்கி, காற்றைக் குறைத்து, மறுபடி முயலுங்கள்.

வீடு திரும்பியதும் அன்றே அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள். பிரேக் டிரம்முக்குள் சேறு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். எல்லா கிரீஸ் நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புது கிரீஸ் அடியுங்கள். தண்ணீரில் இறங்கியிருந்தால், மறுநாள் காலை வண்டியை அசைக்குமுன் டிஃபரென்ஷியல் வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் இரவில் அடியில் தேங்கியிருக்கும். முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும். தெளிந்த நீரோ பால் நிறமோ வந்தால், அன்றைக்கே ஆயிலை மாற்றுங்கள்.